நிலைப்படியில் ஒரு ட்ரொலி அகலம்

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரி எழுதி, தாளைக் கிழித்துவிட்டு எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. வருஷங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் மா பிசைகிறவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் தயங்கியது அதனால் அல்ல. எங்கள் மகளுக்கு நான் செய்துகொடுத்த ஒரு சின்ன ட்ரொலியைப் பற்றியும், அதற்காக வீட்டு நிலைப்படியை வெட்டியதைப் பற்றியும் எழுதினால், அவளைப் பற்றி டொக்டர் சொன்னதையும் எழுத வேண்டிவரும். அதை எழுத என் மனைவி வெகுகாலம் விடவில்லை. இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள். முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ஹந்தானைத் தோட்டத்துக்குக் கீழே, பாதையோரச் சரிவில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மேலே லயத்துக் காம்பராவில், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள். அந்தக் கதவும் நிலையும் தோட்டத்துடையவை. எங்கள் குடும்பத்தில் சொந்தமாக ஒரு நிலை வைத்தவன் நான்தான். பலா மரத்தில் செய்வித்தேன். நிலை வைத்த அன்று கீழே குழியில் நவதானியமும் ஒரு காசும் போட்டோம். என் அக்கா தன் காதுத் தோட்டின் பின்னால் திருகுகிற சுரையைக் கழற்றி, "தங்கம் இல்லாம நிலை வைக்கக் கூடாது தம்பி" என்று அந்தக் குழியில் போட்டாள். அவளுக்கு இருந்த ஒரே தங்கம் அந்தத் தோடு. பிறகு கொஞ்ச காலம் காதில் ஈர்க்குச்சி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. அந்தப் பக்கம் ஓரடி இடம் கிடையாது. அதனால் சமைக்கிற குசினியை முன்வாசலுக்கு வெளியே தகரச் சாய்ப்பாக இறக்கினோம். ஒரு அறை, அப்புறம் நிலைப்படி, அதைத் தாண்டினால் குசினி. அவ்வளவுதான் வீடு. வெள்ளிக்கிழமை தோறும் மனைவி படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பாள். படியை மிதிக்காமல் தாண்டித்தான் நடப்போம். படியில் யாரும் உட்காருவதில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை. தாமதமாக நடந்தாள். நடக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே விழவும் தொடங்கினாள். பிறகு எழும்புவதே கஷ்டமாகி, பள்ளிக்கூடம் போகிற வயதில் கட்டிலோடு இருந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தமிழ் நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி சொல்லவைத்தார். முதல் தடவையே எங்களுக்கு விளங்கியிருந்தது. பிறக்கும்போதே உடம்போடு வந்த வியாதி. தசை ஒவ்வொன்றாக வலுவிழக்கும். கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது. பிள்ளையைச் சந்தோஷமாக வைத்திருங்கள் என்றார்கள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் மனைவி என் காதோடு சொன்னாள். "இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வாயால சொன்னா நடந்துடும்."

நான் சொல்லவில்லை. அக்காவிடம் கூடச் சொல்லவில்லை. "நரம்புத் தளர்ச்சியாம், எண்ணெய் தேய்ச்சா சரியாயிடுமாம்" என்று சொல்லிவைத்தோம். அக்கா அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்திலிருந்து எண்ணெய்ப் போத்தலோடு இறங்கி வந்து பிள்ளையின் காலைத் தேய்ப்பாள். "அடுத்த திருவிழாவுக்கு நீ நடந்தே வருவ பாரு" என்பாள். பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். நான் சுவரில் இருக்கிற சாமி படத்தைப் பார்ப்பேன்.

அந்த ஐப்பசியில் மனைவியின் தங்கை குவைத்திலிருந்து லீவுக்கு வந்தாள். அவள் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். ஒன்றோடு ஒன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். சக்கரச் சில்லுகள், பல்சக்கரங்கள், ஒரு சின்ன மோட்டர், பெட்டரி போடுகிற ஒரு டப்பா, அதில் ஒரு சுவிச். எப்படிப் பூட்டுவது என்று காட்டுகிற புத்தகம் இல்லை. பாதிக் கட்டைகளும் இல்லை.

"கார் செய்வோமா?" என்று கேட்டேன்.

"கார் வேணாம்ப்பா. ட்ரொலி செய்ங்க. உங்க பேக்கரி ட்ரொலி."

நடக்க முடிந்த காலத்தில் ஒரு தடவை அவளை பேக்கரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். பணிஸ் என்கிற இனிப்புப் பன் தட்டுகளை அடுக்குகிற இரும்பு ட்ரொலியில் அவளை உட்காரவைத்து, அங்கிருந்தவர்கள் போறணை அடுப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அதை அவள் மறக்கவேயில்லை.

"கார்தான்டா லேசு."

"கார்ல பணிஸ் வருமா?"

பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன்.

மத்தியானம் வேலை விட்டு வந்து குளித்துச் சாப்பிட்டதும், கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டு உட்காருவேன். அவள் தலையணையில் சாய்ந்து கொண்டு சொல்லுவாள். கை தூக்க முடியாது. விரல் அசையும். கண்ணாலேயே கட்டையைக் காட்டுவாள். "அது இல்ல, பக்கத்துல, மஞ்சள், நீட்டு மஞ்சள். ஐயோ அப்பா, தலைகீழா வச்சிருக்கீங்க. உங்க கைக்கு மாவு பிசையத்தான் தெரியும்."

"அந்த மாவுலதான்டி உனக்குச் சோறு."

"சோறு அம்மா ஆக்குறது. நீங்க பாண் மட்டும்தான்."

குசினியிலிருந்து மனைவி சிரிப்பது கேட்கும்.

முதலில் மோட்டரை நேராகச் சில்லோடு பூட்டினேன். சுவிச்சைப் போட்டதும் அது பாய்ந்துபோய் அலுமாரியில் மோதிச் சிதறிவிட்டது. பிள்ளை சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், மூச்சு பிடிபடாமல், உதடு நீலமாகி, நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தடவினோம். மூச்சு திரும்பியதும் அவள் கேட்டது, "சில்லு ஒடஞ்சிடுச்சா?" என்றுதான்.

பிறகு சின்னப் பல்சக்கரத்தைப் பெரிய பல்சக்கரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். மெதுவாகப் போனது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போனது. சில்லு சீமெந்துத் தரையில் வழுக்கியதால் பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டினேன். சுவிச் அவளிடம் இருக்க வேண்டும், ட்ரொலி மட்டும் போய்வர வேண்டும். அதனால் வயரை வெட்டி நீட்டினேன். ஒரு பக்கம் தள்ளினால் முன்னால் போகும், மற்றப் பக்கம் தள்ளினால் பின்னால் வரும். ட்ரொலி வயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பேக்கரியில் இருப்பது போல மேலே இரண்டு தட்டு வைத்தோம். தட்டுக்குத் தீப்பெட்டி அட்டை.

இதற்குள் விளையாட்டு என்பது போய், அது தேவையாக மாறிவிட்டது. பிள்ளையின் குரல் சின்னதாகிக்கொண்டு வந்தது. மழை தகரத்தில் விழும்போது அவள் கூப்பிடுவது குசினிக்குக் கேட்காது. மனைவி ஓடி ஓடிப் பார்ப்பாள். ஒரு நாள் அடுப்பில் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால், பிள்ளை சளி அடைத்து, கண்ணெல்லாம் நீரோடு கிடந்தாள். எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் பிள்ளை சொன்னாள். "அப்பா, ட்ரொலிய அம்மாகிட்ட அனுப்புறேன். அது வந்தா நான் கூப்பிடுறேன்னு அர்த்தம்."

"அம்மா அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னா எப்படித் தெரியும்?"

கொஞ்சம் யோசித்தாள். "என் கொலுசு சும்மாதானே இருக்கு. அதக் கட்டுங்க."

கொலுசு அவள் காலில்தான் இருந்தது. கழற்றினேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ட்ரொலியின் முன்பக்கத்தில் கட்டினோம்.

எல்லாம் சரி. நிலைப்படி இருந்தது. நாலு விரல் உயரம்.

இரண்டு பக்கமும் பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஏறும். உச்சியில் வயிறு தட்டி நிற்கும், அல்லது தலைகுப்புற விழுந்து கழன்றுபோகும். பலகையை நீளமாக்கினால் ஏறுமே என்று நினைக்கலாம். குசினிப் பக்கம் நீளமாகப் போட இடமில்லை. போட்ட பலகையில் மனைவி கால் தடுக்கி, சுடுதண்ணீர்ச் சட்டியோடு விழப் பார்த்தாள். பல்சக்கரத்தை மாற்றினேன், சில்லைப் பெரிதாக்கினேன். கார்த்திகை முழுக்க அதோடு போராடினேன். மார்கழி பிறந்து, பேக்கரியில் கிறிஸ்மஸ் கேக் வேலையும் வந்துவிட்டது. வீட்டுக்கு வரவே இருட்டிவிடும். அதற்குள் பிள்ளையின் வலது கைப் பெருவிரல் நின்றுவிட்டது. சுவிச்சை இடது கைக்கு மாற்றினோம். "இந்த விரலும் தூங்கப் பாக்குதுப்பா" என்றாள் ஒரு நாள், கோபமாக, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல.

படியில் ஒரு துண்டை அறுத்து எடுத்தால் போதும் என்பது எனக்கு எப்பவோ தெரியும். கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனுசர். "மார்கழியிலை நிலையிலை கை வைக்கிறேல்லை. தை பிறக்கட்டும், நல்ல நாள் பாத்துத் தாறன்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நானும் சரியென்று திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "தை வரைக்கும் அவ விரல் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே படியைக் கழுவினாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள். "தாயே, எங்க புள்ளைக்கு வழி விடு" என்று படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழும்பினாள். நான் மரம் அறுக்கிற கைவாளை எடுத்தேன். ட்ரொலியின் அகலத்தை நூலால் அளந்து, ஒரு விரல் கூட்டி, இரண்டு பக்கமும் கோடு போட்டு அறுத்தேன். கீழே குழியில் இருந்ததை நான் தொடவில்லை. பலாத்தூள் மஞ்சளாகக் கொட்டியது.

அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"என்ன செய்யிற தம்பி?"

நான் வாளை நிறுத்தினேன்.

"மார்கழி மாசம். நிலைப்படியில வாள் வைக்கிற. ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? அதுக்குக் கீழ என்ன கெடக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

உள்ளேயிருந்து பிள்ளையின் சின்னக் குரல் வந்தது. "அத்த, ட்ரொலிக்கு ரோட்டு வெட்டுறாங்க. பெர்மிட் எடுத்தாச்சு."

"யாருகிட்டடி எடுத்தாங்க?"

"என்கிட்டதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பிள்ளையின் காலை எப்போதும் போலத் தேய்த்தாள். தேநீர் மட்டும் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் ட்ரொலி படியைத் தாண்டியது. பிள்ளை இடது கை விரலால் சுவிச்சைத் தள்ளினாள். மெதுவாக, கொலுசு கிணுங்க, அறையைக் கடந்து, அந்த வெட்டுக்குள் நுழைந்து குசினிக்குப் போனது. மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கொலுசுச் சத்தம் குசினிக்குள் வந்து வெகு காலம் ஆகியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்து, வாயில் சேலையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பணிஸைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். ட்ரொலி பின்னால் வந்தது. பிள்ளைக்கு ஊட்டிவிட்டேன்.

"சீனி கூடிப்போச்சு" என்றாள். வாய் நிறைய.

தையில் அது ஓடியது. தண்ணீர் வேண்டுமென்றால் ஓடும், சளி அடைத்தால் ஓடும், ஒன்றும் வேண்டாமென்றாலும் ஓடும். என் கண்ணாடியை ஏற்றி அனுப்பிவிட்டு, நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். மாசியில் அந்த விரலும் நின்றது. சுவிச்சைக் கன்னத்துக்குக் கீழே கட்டிவைத்தோம். தலையைச் சாய்த்து அமத்துவாள். கொஞ்ச நாளில் அதுவும் முடியாமல் போனது. அதற்குப் பிறகு ட்ரொலி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. மனைவி பாயைக் கட்டிலடிக்கு மாற்றிக்கொண்டாள். சமையலை அரைகுறையாக முடித்தாள். பங்குனியில் சளி நெஞ்சில் இறங்கி, பெரியாஸ்பத்திரியில் வைத்து, எங்கள் பிள்ளை போய்விட்டாள். அவளுடைய கடைசி மூச்சை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வீட்டிலிருந்து எடுக்கும்போது அக்கா நிலைப்படிக்கு முன்னால் விழுந்தாள். யாரும் உட்காராத அந்தப் படியில் தலையை வைத்து, வெட்டின இடத்தைக் கையால் அடித்து அடித்து அழுதாள். "இந்தச் சந்துலதானே வந்தான் பாவி எமன், நான் தங்கம் போட்டு வச்ச படியாச்சே, மார்கழியில வெட்டாதன்னு சொன்னேனே." வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த இடத்தில் நான் டொக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நடந்துவிடும் என்று பயப்பட இனி எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி ஐஸ் மாதிரி இருந்தது.

அதன் பிறகு கதை எங்கள் கையில் இல்லை. கடையில் நான் போனால் பேச்சு நிற்கும். புது வீடு கட்டுகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது எட்டிப் படியைப் பார்ப்பார்கள். தெல்தோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் என் மனைவியைக் காட்டி ஒருத்தி இன்னொருத்தியின் காதில் பேசினாளாம். மனைவி சாப்பிடாமல் திரும்பி வந்தாள்.

போன ஆடியில் டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு மனுசர் இருந்தார். முகம் தெரியாதவர். தன் வீட்டு நிலைக்கு மரம் பார்க்கப் போய்வந்ததாகப் பேச்சுக் கொடுத்தார். மடியில் பாண் பார்சலை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"படி விசயத்துல கவனமா இருக்கணுங்க" என்றார். "ஹந்தானைப் பக்கம் ஒரு ஆளு, புள்ளைக்கு வெளயாட்டு ஜாமான் ஓட்டுறதுக்காக நிலைப்படிய பேத்து எறிஞ்சானாம். அன்னிக்கு ராவே புள்ள போயிடுச்சாம்."

"பிள்ளைக்கு என்ன வருத்தமாம், என்ன வியாதியாம்?"

"ஒரு வருத்தமும் இல்லங்க. நல்லா ஓடி வெளயாடின புள்ளையாம்."

"ஓடி வெளயாடிச்சாமா?"

"ஆமாங்க. பாருங்களேன், என்ன அப்பனோ."

நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன். மழை. பாண் நனைந்துவிட்டது.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. அவள் முழுதும் கேட்டாள். பேத்து எறிஞ்சதைப் பற்றியோ, அன்று ராவே என்றதைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "ஓடி வெளயாடின புள்ளன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். பிறகு, "எழுதுங்க" என்றாள். "டொக்டர் சொன்னதையும் எழுதுங்க. நம்ம புள்ள எப்படி இருந்துச்சுன்னாவது தெரியட்டும்."

எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. லயத்துக்கு ஏறிப்போய், கிளினிக்கில் கேட்டதை அப்படியே சொன்னேன். படியில் வாள் வைப்பதற்கு எவ்வளவோ முன்னால் சொன்னது என்றும் சொன்னேன்.

"அப்ப நான் தேச்ச எண்ண?" என்று கேட்டாள்.

"எழும்பிப் போ தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நான் சாமி இல்லையென்று சொல்கிறவன் அல்ல. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். கைகூப்பி நின்று ஒன்றைத்தான் கேட்கிறேன்: நான் அறுத்தது உனக்குக் குற்றமா? திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வருகிறேன். டொக்டர் சொன்னது உண்மை என்று புத்திக்குத் தெரியும். அப்படியிருந்தும் விடியற்காலையில் மாவில் கை வைத்திருக்கும்போது, பின்னால் தட்டு ட்ரொலி உருண்டு போகிற சத்தத்தில், அக்கா சொன்னதுதான் சரியோ, தை வரைக்கும் பொறுத்திருந்தால் இன்னும் ஒரு மாசியாவது இருந்திருப்பாளோ என்று தோன்றும். பொறுத்திருந்தால் அந்த விரல் ட்ரொலி ஓட்டின நாட்களில் பாதி போயிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறேன். அங்கிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் சும்மா கேட்டுக்கொண்டு இருப்பேன்.

தச்சர் ஒருவர் அந்த இடத்துக்கு ஒரு துண்டு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார். மனைவி விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பக்கத்துத் துண்டுக்கும் அந்தப் பக்கத்துத் துண்டுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறாள். நடுவில் ட்ரொலி அகலத்துக்கு வெறும் தரை. அதைக் கூட்டித் துடைத்து வைக்கிறாள். ட்ரொலி அலுமாரிக்கு மேல் இருக்கிறது. பெட்டரி கசிந்து டப்பா பழுதாகிவிட்டது. கொலுசை நாங்கள் கழற்றவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வீர்களென்றால், கைகூப்பிக் கேட்கிறேன், உள்ளபடி சொல்லுங்கள். மார்கழியில்தான் அறுத்தேன், அதை மறைக்க வேண்டாம். குருக்கள் வேண்டாமென்றார், அக்கா வேண்டாமென்றாள், அதையும் சொல்லுங்கள். பேத்து எறியவில்லை, ஒரு ட்ரொலி போகிற அளவுதான் அறுத்தேன் என்று சொல்லுங்கள். அன்று ராவே என்று சொல்லாதீர்கள். அன்று மத்தியானம் அவள் பணிஸ் சாப்பிட்டாள், சீனி கூடிப்போச்சு என்று சொன்னாள். எனக்காக ஒன்றையும் நல்லதாக்கிச் சொல்ல வேண்டாம். ஓடி விளையாடின பிள்ளை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பிள்ளை ஓடியதில்லை. அவள் கொலுசு கட்டின ட்ரொலிதான் ஓடியது.